மெயின்ஃப்ரேமோடு அப்ளிகேஷன் சர்வரை இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் ஜாவா படித்துவிட்டு, சென்னையிலோ பெங்களூரிலோ வங்கி, காப்பீட்டு புராஜெக்ட்டுகளில் சேர்கிறார்கள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிடும்: தாங்கள் எழுதும் சர்வீஸுக்குப் பின்னால் கணக்கு வைத்திருப்பது ஐபிஎம் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய மையக் கணினி என்று. கோரிக்கைகளை வாங்கி புரோகிராம்களை ஓட்டும், 1969-ல் வந்த சிஐசிஎஸ்ஸும், 1983-ல் வந்த டிபி2 டேட்டாபேஸும் அங்கே இன்றைக்கும் ஓடுகின்றன. ஜாவா பக்கம் பார்த்தால் சரியாக இருக்கும், மெயின்ஃப்ரேமில் கோபால் (COBOL) மொழியில் எழுதிய பக்கமும் சரியாக இருக்கும். கோளாறு பெரும்பாலும் நடுவில்தான், யாரும் யோசித்து வைக்காமல் அப்படியே விட்ட செட்டிங்குகளில்.

பணத்தைத் தொடும் தவறை முதலில் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி சம்பளம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஜாவா சர்வீஸ் ஓடும் அப்ளிகேஷன் சர்வர், சிஐசிஎஸ் டிரான்ஸாக்‌ஷன் கேட்வே வழியாக டெபிட் புரோகிராமைக் கூப்பிடுகிறது. 15 நொடியில் பதில் இல்லை. நைட் ஷிஃப்ட்டில் இருக்கும் தம்பி கேட்பான்: “அண்ணா, டைம்அவுட் ஆயிடுச்சு, திரும்ப அனுப்பிடவா?” கூடாது. டைம்அவுட் என்றால் நாம் காத்திருப்பதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான். அந்தப் பக்கம் டாஸ்க் ஓடிக்கொண்டே இருக்கலாம். 16-வது நொடியில் கமிட்டும், அதாவது மாற்றம் நிரந்தரமும், ஆகியிருக்கலாம். திரும்ப அனுப்பினால் அதே கணக்கில் இரண்டாவது டெபிட். கையால் அனுப்பினாலும் ஆபத்துதான். அதைவிட மோசம், லைப்ரரியில் தானியங்கி ரீட்ரை போட்டுவைத்து அதை மறந்துபோவது.

இதற்கு வழி உண்டு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அனுப்புகிறவர் பக்கத்திலேயே ஒரு தனி ரெஃபரன்ஸ் எண் கொடுங்கள். மெயின்ஃப்ரேம் புரோகிராம் அந்த எண்ணை யூனிக் இண்டெக்ஸ் உள்ள (ஒரே எண்ணை இரண்டாம் முறை ஏற்காத) ஒரு டேபிளில், டெபிட் நடக்கும் அதே யூனிட் ஆஃப் வொர்க்கில், அதாவது சேர்ந்தே கமிட் ஆகும் வேலையில், எழுத வேண்டும். தனியாக முன்னால் எழுதினாலும் தப்பு, பின்னால் எழுதினாலும் தப்பு. அதே கோரிக்கை மறுபடி வந்தால் டிபி2, ‘இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது’ என்ற -803 பிழையைக் கொடுக்கும். அப்போது புரோகிராம் பழைய முடிவையே திருப்பித் தரலாம். இது இருந்தால் ரீட்ரை பயமில்லாமல் செய்யலாம். டைம்அவுட் அளவுகளும் வெளியிலிருந்து உள்ளே போகப் போகக் குறைய வேண்டும். வெப் சர்வர் 10 நொடியில் கைவிட, உள்ளே கேட்வே 30 நொடி காத்திருந்தால், கேட்க ஆளில்லாத வேலைகள் சிஐசிஎஸ்ஸில் குவியும்.

அடுத்தது எழுத்தும் எண்ணும். மெயின்ஃப்ரேம் எபிசிடிக் என்ற எழுத்துக் குறியீட்டில் பேசும், நம் சர்வர் ஆஸ்கியோ யூனிகோடோ பேசும். அதனால் வரும் மொத்த பஃபரையும் டெக்ஸ்ட் மாதிரி மாற்றிவிடுகிறார்கள். 1,250.75 ரூபாயை ஒன்பது இலக்க காம்ப்-3 ஃபீல்டில் (பைட்டுக்கு இரண்டு இலக்கமாக அடைக்கும் ‘பேக்டு’ வகை) வைத்தால், ஹெக்ஸில் ஐந்து பைட்டுகள்: 00 01 25 07 5சி. கடைசி அரை பைட்டில் இருக்கும் சி, கூட்டல் குறி. இதை எழுத்து என்று நினைத்து, எபிசிடிக்கின் ஒரு வகையான 037 கோட்பேஜிலிருந்து ஆஸ்கிக்கு மாற்றினால் 25 என்பது புது வரிக் குறியாகி 0ஏ ஆகும். 5சி நட்சத்திரக் குறியாகி 2ஏ ஆகும். தொகை போயே போச்சு. ரெக்கார்டில் எது எழுத்து, எது பேக்டு, எது பைனரி என்பதை, ரெக்கார்டின் அமைப்பைச் சொல்லும் கோபால் காப்பிபுக்கைப் பார்த்து ஃபீல்டு ஃபீல்டாக மாற்றுங்கள். காப்பிபுக்கிலிருந்து ஜாவா கிளாஸ் உருவாக்கும் டூல்கள் இருக்கின்றன, கையால் ஆஃப்செட் எண்ண வேண்டாம். எதிர்த்திசையிலும் கவனம் தேவை. நிரப்பாத பேக்டு ஃபீல்டை ஸ்பேஸாக, அதாவது 40 40 40 என்று அனுப்பினால், கோபால் அதைக் கூட்டப்போகும் இடத்தில் ஏஎஸ்ஆர்ஏ அபெண்ட் விழும், அதாவது புரோகிராம் பாதியில் நின்றுவிடும். பழியும் கோபால் புரோகிராமர் தலையில் விழும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இது இன்னும் முக்கியம். 037-ல் தமிழுக்கு இடமே இல்லை. குடியாத்தத்துக்காரர் தமிழில் கொடுத்த முகவரி 037 ஃபீல்டுக்குப் போனால் பதிலீட்டுக் குறிகளாகத்தான் மாறும், அப்புறம் திரும்பப் பெற வழியே இல்லை. யூனிகோட் ஃபீல்டு கேளுங்கள். கேட்கும்போது நீளத்தையும் கணக்குப் போடுங்கள்: யுடிஎஃப்-8-ல் ‘வேலூர்’ என்ற ஒரு சொல்லே 18 பைட்டுகள். வார்சார் 20, அதாவது அதிகபட்சம் 20 பைட்டு, என்று வைத்தால் ‘வேலூர்’ நுழையும், ‘குடியாத்தம்’ நுழையாது.

வரிசைப்படுத்துவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. எபிசிடிக்கில் எழுத்துகள் முதலில், எண்கள் பின்னால். ஆஸ்கியில் தலைகீழ். டிபி2 வரிசைப்படுத்தித் தந்ததை ஜாவாவில் வேறொரு பட்டியலோடு ஒன்று சேர்த்தால் சில வரிகள் காணாமல் போகும்.

கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸுக்குத் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) பற்றி நம் ஆட்கள் சர்வர் சர்வராகத் தனித்தனியாக யோசிக்கிறார்கள். ஒரு சர்வருக்கு 50 இணைப்பு என்பது சின்ன எண்ணாகத் தெரியும். அதே அப்ளிகேஷன் எட்டு சர்வரில் ஓடினால் 400. டிபி2 பக்கம், வெளியிலிருந்து வரும் வேலைகளுக்கான த்ரெட்டுகளுக்கு மேக்ஸ்டிபேட் என்ற வரம்பு இருக்கிறது, அதைத் தாண்டி வரும் வேலைகள் வரிசையில் நிற்கும். செலக்ட்தானே என்று கமிட் செய்யாமல் விட்டால் அந்த த்ரெட் விடுபடாது, மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். படித்து முடித்ததும் கமிட் செய்யுங்கள். படிக்கும் வரிகளை எவ்வளவு பூட்டுவது என்று சொல்லும் ஐசொலேஷன் லெவலையும் பாருங்கள். ஐபிஎம்மின் அப்ளிகேஷன் சர்வரான வெப்ஸ்பியரில் எதுவும் குறிப்பிடாவிட்டால் ரிப்பீட்டபிள் ரீட் வந்து உட்காரும். படித்த வரிகள் மேல் பூட்டு கமிட் வரை நீடிக்கும். எதிரே ஓடும் பேட்ச் ஜாபுக்கு -911, -913 என்ற பூட்டு மோதல் பிழைகள் வருவது இதனால்தான் என்று கண்டுபிடிக்கவே பல வாரம் ஆகலாம். பெரும்பாலான திரைகளுக்கு, அதைவிடக் குறைவாகப் பூட்டும் கர்சர் ஸ்டெபிலிட்டி போதும்.

பல சிஸ்டங்களில் ஒன்றாக, இரண்டு கட்டமாக கமிட் செய்யும் எக்ஸ்ஏ தேவையா என்றும் கேளுங்கள். ஒரே டிபி2-வை மட்டும் தொடும் வேலைக்கு இரண்டு கட்ட கமிட் வீண் செலவு. தேவைப்படும் இடத்தில், அப்ளிகேஷன் சர்வரின் டிரான்ஸாக்‌ஷன் லாகை கன்டெய்னரின் தற்காலிக டிஸ்க்கில் வைக்கவே வைக்காதீர்கள். கன்டெய்னர் விழுந்து லாக் அழிந்தால், கமிட்டா ரோல்பேக்கா என்று தெரியாமல் டிபி2 அந்த வரிகளைப் பூட்டிவைத்துக் காத்திருக்கும். ஒரு டேட்டாபேஸ் நிர்வாகி (டிபிஏ) வந்து கையால் முடிவு செய்யும்வரை அது அப்படியேதான் இருக்கும்.

பாஸ்வேர்டு மாற்றும் நாளில் இன்னொன்று நடக்கும். மெயின்ஃப்ரேமின் பாதுகாப்பு மென்பொருளான ரேக்எஃபில் புதுப் பாஸ்வேர்டு வைத்துவிட்டு, அப்ளிகேஷன் சர்வரின் டேட்டாசோர்ஸில் பழையதையே விட்டுவிடுவார்கள். மனிதன் தப்பாக அடித்தால் இரண்டு முறைக்கு மேல் நிதானிப்பான். பூல் நிதானிக்காது, கண் மூடித் திறப்பதற்குள் பல முறை முயலும், ஐடி ரிவோக் ஆகும் (முடக்கப்படும்), அதே ஐடியைப் பயன்படுத்தும் மற்ற சர்வீஸ்களும் சேர்ந்து நிற்கும். சர்வீஸுக்கு ஒரு ஐடி என்று பிரித்து வையுங்கள். மாற்றும் நேரத்தில் பூலை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

பிரிக்கும்போதே அடையாளத்தையும் கொடுத்துவிடுங்கள். எல்லாக் கூப்பிடுதலும் சிஎஸ்எம்ஐ, சிபிஎம்ஐ என்ற பொது மிரர் (வெளியிலிருந்து வரும் கூப்பிடுதலை சிஐசிஎஸ்ஸுக்குள் ஓட்டும் டிரான்ஸாக்ஷன்) பெயரில் போனால், எந்தச் சர்வீஸ் சிபியு தின்கிறது என்று சிஐசிஎஸ் ஆட்களால் பிரித்துச் சொல்ல முடியாது. சர்வீஸுக்குத் தனி டிரான்ஸாக்‌ஷன் ஐடி கேட்டு வாங்குங்கள். ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசியில் கிளையன்ட் அப்ளிகேஷன் பெயரை செட் செய்ய ஒரு வரி போதும். அந்தப் பெயரை வைத்து வொர்க்லோட் மேனேஜரில் சம்பள வேலைக்கு முன்னுரிமையும், ரிப்போர்ட் வேலைக்குக் குறைந்த இடமும் கொடுக்கச் சொல்லலாம்.