குழாயைக் கூறு போடாதீர்கள்: யூட்டிலிட்டி நெட்வொர்க் டேட்டா மாடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர்க் குழாய், மின்கம்பி போன்றவற்றின் இணைப்புகளைக் கணினி வரைபடத்தில் வைக்க எஸ்ரி நிறுவனம் தந்த பழைய அமைப்பான ஜியோமெட்ரிக் நெட்வொர்க்கிலிருந்து, அதன் புதிய அமைப்பான யூட்டிலிட்டி நெட்வொர்க்குக்கு மாறுகிற வேலையில் இறங்கியிருக்கும் சில இளைஞர்களோடு கொஞ்ச நாளாக உட்கார்ந்து வருகிறேன். பழைய அமைப்பு ஓடும் ஆர்க்மேப் மென்பொருளுக்கு எஸ்ரி குறித்த ஓய்வு நாள் 2026 மார்ச் 1 என்பதால் எங்கே பார்த்தாலும் அவசரம். அந்த அவசரத்தில் அவர்கள் எடுக்கிற முடிவுகள் பல, வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எடுத்தவைதான். அவற்றைத் திருத்த எனக்கு எவ்வளவு காலம் ஆனது என்று தெரிந்திருப்பதால் எழுதுகிறேன்.

ஸ்னாப்பிங் (கோட்டு முனைகளைச் சரியாக ஒட்டவைக்கும் வசதி) போடாமல் வரைவது, அட்சரேகை தீர்க்கரேகையிலேயே நீளம் கணக்கிடுவது, பேக்கப் இல்லாமல் டேட்டாவில் கை வைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாமல் வருஷக்கணக்கில் உள்ளே இருந்து அரிப்பவைதான் ஆபத்து.

வீட்டு இணைப்பு தோறும் பிரதான குழாயை வெட்டுவது

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

தெருவில் 360 மீட்டருக்கு ஒரு பிரதான குழாய் போகிறது. ஒரே பொருள், ஒரே விட்டம், ஒரே வருஷத்தில் பதித்தது. அதிலிருந்து அறுபது வீடுகளுக்கு இணைப்பு. டிரேஸ் (எது எதோடு சேர்கிறது என்று மென்பொருள் வழி தேடுவது) ஓட வேண்டுமென்றால் ஒவ்வொரு இணைப்பும் குழாயைத் தொடுகிற இடத்தில் ஒரு கணு, அதாவது இணைப்புப் புள்ளி, வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்போம். சரி, வெட்டிவிடலாம் என்று தோன்றும். ஜியோமெட்ரிக் நெட்வொர்க்கில் குழாய் லேயரை எளிய விளிம்பு (முனைகளில் மட்டும் இணைப்பை ஏற்கும் கோடு) வகையாக அமைத்துவிட்டால் மென்பொருளே வெட்டித் தரும். கிராஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் வி.கிளீன் கருவியின் பிரேக் வசதியை ஓட்டினால், கோடுகள் சந்திக்கிற இடமெல்லாம் ஒரே நிமிடத்தில் துண்டாகிவிடும். நான் செய்தது இரண்டாவது வழி. கணுக்கள் எல்லாம் சுத்தமாக விழுந்திருந்தன, டிரேஸ் அழகாக ஓடியது, எனக்கு ஒரே மகிழ்ச்சி.

வெட்டின ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொத்து எண் போனது. ஒரு குழாய் அறுபத்தொரு குழாயானது.

முதல் ஒன்றரை வருஷம் யாருக்கும் தெரியவில்லை. பழுது வேலைச் சீட்டுகள் அந்தத் துண்டு எண்களிலேயே பதிவாகிக்கொண்டிருந்தன. அப்புறம் நிர்வாகம், எந்தக் குழாய்களை முதலில் மாற்றலாம் என்று ஒரு பட்டியல் கேட்டது. கிலோமீட்டருக்கு எத்தனை கசிவு என்பதுதான் அளவுகோல். கணக்கைப் பாருங்கள்: 360 மீட்டர் குழாயில் ஒரு கசிவு என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2.8. அதே கசிவு 6 மீட்டர் துண்டின் பேரில் ஏறியிருந்தால் கிலோமீட்டருக்கு 167. பட்டியலின் முதல் பக்கம் முழுக்க ஐந்து மீட்டர், ஏழு மீட்டர் துண்டுகள். உண்மையிலேயே நைந்துபோன நீளமான குழாய்கள், கசிவுகள் பத்துப் பன்னிரண்டு துண்டுகளுக்குப் பிரிந்து போனதால், கண்ணுக்கே தெரியாமல் கீழே கிடந்தன.

அந்தப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு வால்வு திறந்து மூடுகிற ஒரு பெரியவரிடம் போனேன். முதல் மூன்று வரிகளில் இருந்த எண்களுக்கான வரைபடத்தைக் காட்டினேன். அவர் விரலை வரைபடத்தின் ஒரு முனையில் வைத்து மறு முனை வரை ஒரே இழுப்பாக இழுத்தார். "தம்பி, இது ஒரே குழாய்ப்பா. இதுல எங்க மூணு இருக்கு?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

தவறு எங்கே என்றால், சொத்து வேறு, நெட்வொர்க்கின் விளிம்பு வேறு என்பதை நான் பிரித்துப் பார்க்கவில்லை. சொத்து என்பது பதித்த பொருள். அதற்கு வயது உண்டு, விலை உண்டு, பழுது வரலாறு உண்டு. விளிம்பு என்பது இரண்டு கணுக்களுக்கு நடுவே பாதை கண்டுபிடிக்க மென்பொருளுக்குத் தேவைப்படும் கணக்குப் பொருள். அது காலையில் பிறந்து மாலையில் அழிந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

"ஹைட்ராலிக் மாடலுக்கு வெட்டித்தானே ஆக வேண்டும்?" என்று கேட்பார்கள். குழாயில் நீரோட்டத்தைக் கணக்கிடும் ஈப்பாநெட் மென்பொருளில் ஒரு பைப் என்பது ஒரு கணுவிலிருந்து இன்னொரு கணு வரைதான், தண்ணீர்த் தேவையும் கணுவில்தான் ஏறும். அது உண்மை. ஆனால் அங்கேயும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணு வைப்பவர்கள் குறைவு. பக்கத்து வீடுகளின் தேவையைக் கூட்டி ஒரு கணுவில் ஏற்றிவிடுவார்கள். வெட்டோ கூட்டலோ, ஏற்றுமதி செய்யும்போது ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளட்டும். சேமித்து வைத்திருக்கும் குழாயை எதற்குத் தொட வேண்டும்?

எஸ்ரி யூட்டிலிட்டி நெட்வொர்க்கில் இதற்கு நேரடியான வழி இருக்கிறது. கோட்டின் ஒவ்வொரு சொத்து வகைக்கும் விளிம்பு இணைப்புக் கொள்கை உண்டு: முனைகளில் மட்டும் சேரலாம், அல்லது எந்த வெர்டெக்ஸிலும் (கோட்டை உருவாக்கும் எந்தப் புள்ளியிலும்) சேரலாம். பிரதான குழாய்க்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பு சேரும் இடத்தில் ஒரு வெர்டெக்ஸ் இருந்தால் போதும், குழாய் முழுசாகவே இருக்கும். டேட்டா ஏற்றுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். பிறகு மாற்ற வேண்டுமென்றால் நெட்வொர்க் டோபாலஜியை (மென்பொருள் வைத்திருக்கும் இணைப்புக் கணக்கை) நிறுத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும். பழைய ஜியோமெட்ரிக் நெட்வொர்க்கிலும் சிக்கலான விளிம்பு என்ற வகை இதே காரியத்தைச் செய்தது.

போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபட டேட்டாபேஸில் சொந்தமாகக் கட்டுகிறீர்கள் என்றால் இரண்டு அட்டவணை வையுங்கள். ஒன்றில் குழாய், இன்னொன்றில் விளிம்பு. விளிம்பு அட்டவணையை ஒவ்வொரு இரவும் ஸ்கிரிப்ட் புதிதாக உருவாக்கட்டும், ஒவ்வொரு விளிம்பும் தான் எந்தக் குழாயின் பகுதி என்ற எண்ணைச் சுமக்கட்டும். ஒரு புள்ளி கோட்டில் எங்கே விழுகிறது என்று சொல்லும் எஸ்டி_லைன்லொகேட்பாயின்ட், கோட்டின் ஒரு பகுதியை எடுத்துத் தரும் எஸ்டி_லைன்சப்ஸ்ட்ரிங் இரண்டும் போதும். இதில் ஒரு எச்சரிக்கை: முதல் செயற்கூறு தருவது 0 முதல் 1 வரையிலான விகிதம். அதை நிரந்தரமாகச் சேமித்து வைத்தால், நாளைக்கு யாராவது குழாயின் ஒரு முனையை நீட்டும்போது எல்லா வீட்டு இணைப்பும் நகர்ந்துவிடும்.

துண்டுகளைத் திரும்ப ஒட்டியது பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்துத் துண்டுகளைச் சேர்த்துவிட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். ஆகவில்லை. நடுவில் சில துண்டுகள் நிஜமாகவே வேறு குழாய்கள்: வெடித்த இடத்தில் பழைய இரும்பை எடுத்துவிட்டு மூன்று மீட்டர் பிவிசி போட்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டியிருந்தால் அந்த உண்மை அழிந்திருக்கும். பொருள், விட்டம், பதித்த வருஷம் மூன்றும் ஒன்றாக இருந்து, நடுக்கணுவில் வீட்டு இணைப்பைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் மட்டும் ஒட்டு என்று விதி எழுதினோம். வருஷம் காலியாக இருந்த இடங்களில் வேலைச் சீட்டுகளைக் கையால் புரட்டினோம். வெட்ட ஒரு நிமிடம், ஒட்ட ஐந்து மாதம்.

போன வாரம் ஒரு பெண் தன் திரையில் இதே பிரேக் வசதியைத் திறந்து வைத்திருந்தார். ஓட்டுவதற்கு முன் பார்த்துவிட்டேன்.

வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் விடுவது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு எதையுமே வெட்டாமல் இருந்துவிடாதீர்கள். பொருள் மாறினால், விட்டம் மாறினால், பதித்த வருஷம் மாறினால் அது வேறு குழாய். வால்வு இருக்கும் இடத்தில் ஓட்டம் நிற்கும் என்பது நெட்வொர்க்குக்குத் தெரிந்தாக வேண்டும். கோட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் வால்வுப் புள்ளியை டிரேஸ் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும்.

குறுக்கே போவதெல்லாம் சேர்ந்தது என்று நினைப்பது

ஒன்றன் மேல் ஒன்றாகப் போகும் இரண்டு மின்கம்பிகள் வரைபடத்தில் வெட்டிக்கொள்ளும், தரையில் வெட்டிக்கொள்ளாது. தானியங்கிச் சுத்திகரிப்புக் கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அந்தச் சந்திப்பில் அது கணு வைத்தால் இரண்டு ஃபீடர்கள் (துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் தனித்தனி மின்பாதைகள்) ஒன்றாகிவிடும்.

டிரான்ஸ்ஃபார்மரை வெறும் புள்ளியாக வைப்பது

அதற்கு உயர் அழுத்தப் பக்கம் ஒன்று, தாழ் அழுத்தப் பக்கம் ஒன்று. எந்தக் கம்பி எந்தப் பக்கம் என்று பதிவாகாவிட்டால், மின்சாரம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மாடலில் பதில் கிடையாது. டெர்மினல்கள் என்ற தனித்தனி இணைப்பு முனைகள் இதற்குத்தான். பம்புக்கும் இதே நியாயம்.

சுவிட்ச் நிலைக்கு ஒரே ஃபீல்டு

இயல்பு நிலை ஒன்று, இப்போதைய நிலை ஒன்று. இரண்டு ஃபீல்டு.

ஆப்ஜெக்ட் ஐடியைச் சொத்து எண்ணாக்குவது

வேண்டாம். அது டேட்டாபேஸ் தானாகப் போடும் வரிசை எண், டேட்டாவை வேறு டேட்டாபேஸுக்கு நகர்த்திய அன்றே மாறிவிடலாம்.

தரநிலையை அப்படியே அட்டவணையாக்குவது

மின்துறையில் சிஐஎம் என்ற பொதுத் தகவல் மாதிரி இருக்கிறது, ஐஇசி 61970, 61968 தொடர்களில் வருவது. அருமையான வேலை, நான் மதிக்கிறேன். ஆனால் அதன் முக்கியப் பயன், ஒரு மென்பொருள் இன்னொன்றோடு ஒரே பொருளில் பேசிக்கொள்வது. அதன் வகுப்புப் படத்தை எடுத்து வகுப்புக்கு ஒரு அட்டவணை என்று உருவாக்கினால், ஒரு கம்பியை வரைய எடிட்டர் நான்கைந்து அட்டவணையில் கை வைக்க வேண்டியிருக்கும். உள்ளே எளிமையாகச் சேமியுங்கள், வெளியே அனுப்பும்போது சிஐஎம் ஆக்குங்கள்.

எஸ்ரி தரும் அடித்தள மாடல்களையும் (ஃபீல்டுகள் ஏற்கெனவே அமைத்த தயார் வார்ப்புகளையும்) திறந்து பார்த்துவிட்டு எடுங்கள். தொடங்க நல்ல இடம்தான். ஒவ்வொரு ஃபீல்டின் பக்கத்திலும், அதை நிரப்பப்போகிறவர் யார் என்று எழுதுங்கள். பெயர் எழுத முடியாத ஃபீல்டைப் படிவத்திலிருந்து மறைத்துவிடுங்கள். காலியாகவே கிடக்கும் நாற்பது கட்டங்களுக்கு நடுவில், நிரப்ப வேண்டிய ஆறையும் மனிதர்கள் நிரப்புவதில்லை.

எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு அப்புறம் டிரேஸ் பார்ப்பது

முதலில் ஒரே ஒரு பகுதி. ஒரு நீர்த்தொட்டியும் அதன் கீழ் வரும் தெருக்களும், அல்லது ஒரு ஃபீடர். அதை மட்டும் ஏற்றி, ஒரு குழாய் வெடித்ததாக வைத்துக்கொண்டு, எந்த வால்வுகளை மூட வேண்டும் என்று மாடலைக் கேளுங்கள். வந்த பதிலை அச்செடுத்து, அந்த வால்வுகளை நிஜத்தில் மூடுகிறவரிடம் கொடுங்கள். நான் சொன்ன பெரியவரிடம், ஒட்டி முடித்த பிறகு, அப்படி ஒரு தாளைக் கொடுத்தேன். மாடல் மூன்று வால்வுகளைச் சொல்லியிருந்தது. இரண்டுக்குத் தலையாட்டினார். மூன்றாவதன் மேல் பேனாவால் கோடு போட்டார். அது தாருக்கு அடியில் போய் வருஷங்கள் ஆகிவிட்டதாம், அவர் எப்போதும் அடுத்த தெருவில் இருப்பதைத்தான் மூடுவாராம். அன்றைக்கு வால்வு அட்டவணையில் 'இயக்க முடியுமா' என்று ஒரு ஃபீல்டு சேர்த்தோம். நிரப்புபவர் என்ற இடத்தில் அவர் பெயரையே எழுதினேன்.