சின்னத் தொகைக்கு வழக்குப் போடலாமா? முதலில் தாளில் கணக்குப் போடுங்கள்

முன்பணம் வாங்கியவர் வேலையையும் முடிக்கவில்லை, போனையும் எடுப்பதில்லை. கோபம் வரத்தான் செய்யும், நியாயமும் உங்கள் பக்கம்தான். ஆனாலும் மனு எழுதும் முன் அரை மணி நேரம் ஒரு தாளோடு உட்காருங்கள்.

1. எதிராளியால் பணம் கட்ட முடியுமா?

எல்லாவற்றுக்கும் முன்னால் நான் இதைத்தான் பார்ப்பேன். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் பல இடங்களில் நீதிமன்றம் தானாகப் பணத்தை வசூலித்துத் தராது. அவர் கொடுக்காவிட்டால் தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி இன்னொரு மனு, அதற்குத் தனிச் செலவு, மறுபடி அலைச்சல். அவருக்குச் சம்பளமோ வங்கிக் கணக்கோ சொத்தோ இருந்தால்தான் ஜப்திக்கே அர்த்தம் உண்டு. அவர் ஏற்கெனவே நாலு பேருக்குக் கடன்பட்டவரா என்றும் விசாரியுங்கள்.

2. காலவரம்பு

வழக்குப் போடக் கெடு உண்டு. தாண்டிவிட்டால் நல்ல வழக்கும் தள்ளுபடியாகலாம். இன்றே விசாரித்துவிடுங்கள்.

3. செலவு

நீதிமன்றக் கட்டணம், சம்மன் அனுப்பும் செலவு, நகல், பயணம். ஜெயித்தால் கட்டணத்தைப் பெரும்பாலும் எதிராளியிடமே கேட்கலாம். ஆனால் லீவு போட்ட நாட்களின் சம்பளம் முழுசாகத் திரும்பி வரும் என்று நம்பாதீர்கள், வாய்தா வாங்கினால் அந்த நாட்களும் கூடிவிடும். சில சிறுவழக்கு நீதிமன்றங்களில் வக்கீலுக்கே அனுமதி இல்லை, சிலவற்றில் வக்கீல் கட்டணத்தைத் திரும்பக் கேட்க முடியாது.

4. பெருக்கிப் பாருங்கள்

வர வேண்டியது 30,000 என்று வையுங்கள். ஜெயிக்க 70 சதவீதம், ஜெயித்த பிறகு வசூலாக 60 சதவீதம் வாய்ப்பு. 30,000 × 0.7 × 0.6 = 12,600. செலவு 5,000 போனால் மிச்சம் 7,600தான். அப்படியென்றால் அவர் "இப்பவே 15,000 தர்றேன், முடிச்சுக்கலாம்" என்று வந்தால் வாங்கிக்கொள்வதே லாபம், மனசு ஒப்பாவிட்டாலும்.

அந்த 70 எங்கிருந்து வருகிறது? ஆதாரத்திலிருந்து. "அடுத்த மாசம் கண்டிப்பா தந்துடறேன்" என்று அவர் அனுப்பிய ஒற்றை வாட்ஸ்அப் செய்தி, கடனை அவரே ஒப்புக்கொண்டதற்கு ஆதாரமாகலாம்; தேதியோடு சேமித்து வையுங்கள். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால் 40க்கு இறக்குங்கள். உங்கள் மேல் அவர் எதிர்வழக்குப் போட இடமிருந்தால் இன்னும் இறக்குங்கள்.

5. கடைசியாக ஒரு கடிதம்

கணக்கு சரியாக வந்தாலும் உடனே நீதிமன்றம் போகாதீர்கள். எவ்வளவு, எதற்கு, 14 நாளில் தராவிட்டால் வழக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி ரசீது கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள், திட்டி ஒரு வரிகூட வேண்டாம், நாளை நீதிபதியும் படிப்பார். சில நீதிமன்றங்களில் இந்தக் கடிதம் இல்லாமல் மனுவே போட முடியாது. ரசீதைப் பத்திரமாக வைத்துவிட்டு 15ஆம் நாள் வரை பொறுங்கள்.