கடைந்த பேனா வட்டம் தப்புகிறதா? காரணத்தைப் பிடிக்கும் முறை

பேனாவைப் பொருத்தி விரலால் தடவும்போது ஒரு பக்கம் மரம் மேடாகவும், எதிர்ப்பக்கம் உலோக வளையம் துருத்திக்கொண்டும் இருக்கிறதா? லேத்தை (கடைசல் இயந்திரத்தை) பிரிக்க வேண்டாம். முதலில் வெர்னியரை (விட்டமும் தடிமனும் அளக்கும் கருவியை) எடுங்கள்.

லேத்தை நிறுத்திவிட்டு, கட்டையின் (பித்தளைக் குழாய் ஒட்டிய மரத்துண்டின்) நுனி விட்டத்தை நாலைந்து இடங்களில் திருப்பித் திருப்பி அளக்கவும். பிறகு கட்டையைக் கழற்றி, பித்தளைக் குழாயைச் சுற்றியுள்ள மரத்தின் தடிமனையும் அளக்கவும். விட்டமே மாறினால் கட்டை நீள்வட்டமாகிவிட்டது: மழுங்கிய உளி, ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்த உப்புத்தாள், சரியாகக் காயாத மரம், இவற்றில் ஒன்றுதான் காரணம். விட்டம் எங்கும் ஒன்றாக இருந்து தடிமன் மட்டும் மாறினால், கட்டை மையம் விலகிச் சுற்றியிருக்கிறது. புதிதாகப் பழகுபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அதற்கு இந்த வரிசையில் பாருங்கள்.

1. ஹெட்ஸ்டாக் (லேத்தின் சுற்றும் தலைப்பகுதி) துளையையும், மாண்ட்ரலின் (கட்டையைக் கோத்துச் சுற்றும் கம்பியின்) டேப்பரையும் (அந்தத் துளையில் செருகும் கூம்பு முனையையும்) துணியால் துடைக்கவும். ஒரு மரத்துகள் ஒட்டியிருந்தாலே மறுமுனை ஆடும்.

2. மாண்ட்ரல் கம்பியைக் கண்ணாடிமேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்து மறைந்தால் கம்பி வளைந்திருக்கிறது. நிமிர்த்தப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

3. ஹெட்ஸ்டாக்கில் கூர்முனை சென்டரை மாட்டி, டெயில்ஸ்டாக்கை (மறுமுனையைக் கூர்முனையால் தாங்கும், நகர்த்தக்கூடிய பகுதியை) அருகே கொண்டுவாருங்கள். இரண்டு கூர்களும் நேருக்கு நேர் தொட வேண்டும்.

4. இறுக்கம்தான் முக்கியம். கம்பி சுமார் 6 மி.மீ. தடிமன்தான்; டெயில்ஸ்டாக்கை அழுத்தினால் வில்லாக வளைந்துவிடும். லைவ் சென்டர் (டெயில்ஸ்டாக்கில் உள்ள சுழலும் கூர்முனை) கம்பியோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும் அளவுக்குத் தள்ளிப் பூட்டினால் போதும். மாண்ட்ரல் நட்டை விரலால் மட்டும் முறுக்குங்கள், ஸ்பேனர் வேண்டாம்.

5. கட்டையின் இரு நுனிகளும் குழாய்க்குச் செங்குத்தாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சாய்வாக இருந்தால் நட்டை முறுக்கும்போது கம்பி அந்தப் பக்கம் இழுபடும். பேரல் டிரிம்மரால் (நுனியைச் செங்குத்தாகச் சீவும் கருவியால்) பித்தளை பளிச்சென்று தெரியும்வரை சீவவும், அதற்கு மேல் வேண்டாம், குழாய் குட்டையாகிவிடும்.

6. புஷ் (கட்டையின் இரு பக்கமும் கம்பியில் மாட்டும் அளவு வளையம்) கம்பிமேல் லொடலொடவென்று ஆடினாலும், உப்புத்தாள் பட்டுத் தேய்ந்திருந்தாலும் மாற்றவும். கடைசி அளவுக்குப் புஷ்ஷை நம்பாமல், பொருத்தப்போகும் உலோகப் பாகத்தையே அளந்து அதற்கேற்பக் கடையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் மாண்ட்ரலையே விட்டுவிடலாம். 60 பாகை சென்டருக்கேற்ற புஷ்களை வாங்கி, கட்டையை இரு சென்டர்களுக்கு நடுவே நேரடியாகப் பிடித்துக் கடையுங்கள். வளைய அங்கே கம்பியே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் கடைய முடியும் என்றாலும், இதையே வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.