ரெப்போ முடிவின் மேல் பணம் கட்டுவது எப்படி?

"இந்த முறை ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்குமா சார்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "குறைக்கும் என்று நம்பி எத்தனை பேர் ஏற்கெனவே பாண்டு வாங்கி வைத்திருக்கிறார்கள்?" வட்டி என்று இங்கே சொல்வது ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி.

மும்பையில் ஒரு பொதுத்துறை வங்கியின் டிரெஷரியில், அதாவது வங்கியின் பணத்தை முதலீடு செய்யும் பிரிவில், பாண்டு (கடன் பத்திரம்) வாங்கி விற்றுக்கொண்டிருந்தவன் நான். வட்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல அங்கே டீ கொண்டுவரும் பையனுக்கும் தெரியும். விலையில் ஏற்கெனவே ஏறியிருப்பது எவ்வளவு, வரப்போவது எவ்வளவு, நடுவில் மிச்சம் எவ்வளவு? காசு அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 0.25 சதவீதக் குறைப்பு, அதாவது 25 புள்ளி, வரலாம் என்று பேச்சு அடிபடுகிறது. வட்டி இனி எங்கே போகும் என்பதன் மேல் வங்கிகள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் ஓ.ஐ.எஸ். என்கிற வட்டி ஸ்வாப் சந்தையில் அதில் 15 புள்ளி ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைப்புக்குச் சந்தை தரும் வாய்ப்பு 15-ஐ 25-ஆல் வகுத்தால் வரும் 60 சதவீதம். குறைத்தால் உங்களுக்கு மிச்சம் 10 புள்ளி. குறைக்காவிட்டால் 15 புள்ளி கையைவிட்டுப் போகும். உங்கள் கணிப்பும் அதே 60 சதவீதம்தான் என்றால் இந்த ஆட்டத்தில் உங்களுக்கு வேலையில்லை. 80 சதவீதம் என்று நம்ப உங்களிடம் காரணம் இருந்தால், சராசரியாக 5 புள்ளி உங்கள் பக்கம்.

ஓ.ஐ.எஸ். சந்தையில் நீங்களும் நானும் போய் நிற்க முடியாது. அங்கே வங்கிகள்தான் ஆடும். ஆனால் அதன் விலை வணிகச் செய்திகளில் வரும். அதோடு புதன்கிழமை தோறும் நடக்கும் டிரெஷரி பில் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) ஏலத்தின் முடிவைப் பாருங்கள். 91 நாள் பில்லின் ஈல்டு, அதாவது அதில் கிடைக்கும் வருமான வீதம், ரெப்போவுக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தால் குறைப்பு விலையில் இருக்கலாம். "இருக்கலாம்" என்றுதான் சொல்ல முடியும். வங்கிகளிடம் பணம் வழிந்தாலும் அந்த ஈல்டு இறங்கும்.

அப்புறம் உங்கள் சொந்தக் கணிப்பு. வட்டியை முடிவு செய்யும் நிதிக் கொள்கைக் குழுவில் ஆறு பேர்: மூவர் ரிசர்வ் வங்கிக்காரர்கள், மூவர் வெளியாட்கள். சரிசமமாகப் பிரிந்தால் கவர்னருக்கு இன்னொரு ஓட்டு. பணவீக்க இலக்கு 4 சதவீதம், இருபக்கமும் 2 சதவீத இடம். மாதம் 12-ஆம் தேதி வாக்கில் வரும் சில்லறைப் பணவீக்கத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், அதில் உங்களுக்குத் தனி லாபம் இல்லை. கூட்டம் முடிந்து 14-ஆம் நாள் வரும் மினிட்ஸை (கூட்டக் குறிப்பை) முழுதாகப் படிப்பவர்கள் குறைவு. அதைப் படியுங்கள், ஆனால் யாருடைய ஓட்டு என்று பார்த்துப் படியுங்கள். 2024 ஜூனில் வெளியாட்களான ஜெயந்த் வர்மாவும் அஷிமா கோயலும் குறைக்கச் சொல்லி ஓட்டுப் போட்டார்கள். டிசம்பரில் புதிய வெளியாட்கள் இருவர் அதையே சொன்னார்கள். கவர்னர் அசையாததால் ரெப்போவும் 6.50-ஐ விட்டு அசையவில்லை. அந்த டிசம்பரிலேயே கவர்னர் மாறினார். 2025 பிப்ரவரியில் வட்டி 6.25 ஆனது. என் கணக்கில் கவர்னரின் ஒரு வரி, வெளியாட்களின் பத்துப் பக்கத்துக்குச் சமம்.

எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் கூட்டங்கள்தான் எனக்குப் பிடிக்கும். 2016 டிசம்பரில், பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு, குறைப்பு நிச்சயம் என்றார்கள், 6.25-லேயே வைத்தார்கள். 2023 ஏப்ரலில் 25 புள்ளி ஏற்றுவார்கள் என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். ஆறு பேரும் ஒருமனதாக நிறுத்திவைத்தார்கள். 2022 மே 4 அன்று அட்டவணையிலேயே இல்லாத அறிவிப்பில் 40 புள்ளி ஏற்றினார்கள். எல்லோரும் நிற்கும் பக்கத்தில் லாபம் கொஞ்சம், தப்பினால் அடி பெரிது. எதிர்ப்பக்கம் பெரும்பாலும் தோற்கும், ஆனால் மலிவாகக் கிடைக்கும்.

முடிவு காலை 10 மணிக்கு. ரெப்போ எண் காதில் விழுந்ததும் பட்டனை அழுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். 2025 ஜூன் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் எதிர்பார்த்தது 25, வந்தது 50. ரெப்போ 5.50. பாண்டு ஈல்டு சரசரவென்று இறங்கியது, அதாவது பாண்டு விலை ஏறியது. அடுத்து, நிலைப்பாடு "அக்காமடேட்டிவ்" (குறைப்பின் பக்கம் சாய்ந்தது) என்பதிலிருந்து "நியூட்ரல்" (எந்தப் பக்கமும் சாயாதது) ஆகிறது, இனிமேல் குறைக்க இடம் அதிகம் இல்லை என்றார்கள். பத்தாண்டு பாண்டு வாங்கியவர்கள் முகம் மாறியது. ஈல்டு திரும்ப ஏறியது. பேச்சின் பின்பகுதியில், வங்கிகள் டெபாசிட்டில் ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டிய பங்கான சி.ஆர்.ஆர். ஒரு சதவீதம் குறைப்பு, நான்கு தவணையாக, வங்கிகளுக்கு 2.5 லட்சம் கோடி ரூபாய் விடுவிப்பு. வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டி உச்சத்துக்குப் போனது. ஒரே உரையில் பாண்டுக்காரனுக்கு அடி, வங்கிப் பங்குக்காரனுக்கு தீபாவளி. எண், நிலைப்பாடு, சி.ஆர்.ஆர். மூன்றும் காதில் விழும்வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.

வட்டி குறைந்தால் வங்கிப் பங்கு ஏறும் என்பதும் நேர்கோட்டுக் கணக்கு இல்லை. ரெப்போவோடு இணைத்த வீட்டுக்கடன் வட்டி சீக்கிரம் இறங்கும். டெபாசிட் வட்டி இறங்க மாதங்கள் ஆகும். நடுவில் நசுங்குவது வங்கியின் லாப விகிதம்.

சரி, எதை வைத்து ஆடுவது? பலரும் போவது பேங்க் நிஃப்டி ஆப்ஷனுக்கு. ஏறினாலும் இறங்கினாலும் லாபம் என்று முதல் நாள் கால் (ஏறினால் லாபம் தரும் ஆப்ஷன்), புட் (இறங்கினால் லாபம் தருவது) இரண்டையும் வாங்குவார்கள். பேச்சுக்கு, 50,000-த்தில் கால் 400, புட் 380. சேர்த்து 780. குறியீடு ஏதோ ஒரு பக்கம் 780 புள்ளி ஓடினால்தான், அதுவும் எக்ஸ்பைரி (ஆப்ஷன் முடியும் நாள்) வரை வைத்திருந்தால், போட்ட காசு திரும்பும். முடிவு வந்ததும் பதற்றம் வடியும், பிரீமியமும், அதாவது ஆப்ஷனின் விலையும், வடியும். குறியீடு 300 புள்ளி நகர்ந்த பின்னும் கையில் நஷ்டம் நிற்கும். ஏறும் பக்கம்தான் என்று தெரிந்திருந்தால் ஒரு கால் ஆப்ஷனை வாங்கி, அதைவிட உயர்ந்த குறியீட்டு அளவில் இன்னொரு கால் ஆப்ஷனை விற்றுவிடுங்கள். லாபத்துக்கு ஒரு கூரை விழும். ஆனால் விற்றதிலும் பிரீமியம் வடிவதால் அடி குறையும். எவ்வளவு போகும் என்பது முதல் நாளே தெரியும், அந்தத் தொகை போனாலும் மாதச் செலவு தள்ளாடக் கூடாது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்டு ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்) ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஆய்வே சொல்கிறது.

"ஆம்", "இல்லை" என்று பணம் கட்டச் சொல்லும் கணிப்பு ஆப்கள் பக்கம் போகாதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025-இல் தடைச் சட்டமே வந்துவிட்டது.

நானாக இருந்தால் நீண்டகால கில்ட் ஃபண்டைத்தான் (அரசுப் பாண்டுகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டு) பார்ப்பேன். பத்தாண்டு பாண்டில் ஈல்டு 10 புள்ளி இறங்கினால் விலை ஏறத்தாழ 0.7 சதவீதம் ஏறும். பத்து லட்சத்துக்கு ஏழாயிரம் ரூபாய். ஆப்ஷன்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும். ஆனால் 10 மணிக்குச் செய்தி கேட்டு 10.05-க்கு வாங்கினால் கிடைப்பது அன்றைய முடிவு என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் விலை), அதற்குள் விலை ஏறி முடிந்திருக்கும். ஆகவே வாங்குவதானால் முதல் நாளே, மதியம் 3 மணிக்கு முன் பணம் ஃபண்டுக்குப் போய்ச் சேரும்படி. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்டுகளின் லாபத்துக்கு எத்தனை வருடம் வைத்திருந்தாலும் உங்கள் வருமான வரி ஸ்லாபுதான். 30 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு அந்த ஏழாயிரத்தில் சுமார் ஐயாயிரம் மிஞ்சும். முன்கூட்டியே எடுத்தால் எக்ஸிட் லோடு (வெளியேறும் கட்டணம்) உண்டா என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.