மலை ஊரில் கழிப்பறைக்கு நிதி திரட்ட: சுமைக்கூலியில் தொடங்குங்கள்

நீலகிரி ஊர்களில் கழிப்பறை வேலை பாதியில் நிற்பதற்குச் செங்கல் விலையைக் குறை சொல்லிப் பயனில்லை. பிக்கப் வண்டி நிற்கும் இடத்துக்கும் குழி வெட்டும் இடத்துக்கும் நடுவே இருநூறு படிக்கட்டு இருக்கும். அந்தக் கூலியைத்தான் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். சிமெண்ட் மூட்டை 50 கிலோ, செங்கல் ஏறக்குறைய 3 கிலோ. ஒரு நடைக்கு எவ்வளவு, நாளைக்கு எத்தனை நடை என்று சுமை தூக்குபவரிடமே கேட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக மதிப்பீடு போடுங்கள். குழிக்குள் வைக்கும் கான்கிரீட் வளைய உறையைப் படியில் இறக்குவது பெரும்பாடு. இடைவெளி விட்டுக் கட்டும் செங்கல் குழியே மலைக்கு எளிது.

வசூலுக்கு முன்பே இடத்தையும் பார்த்துவிடுங்கள். இரட்டைக் குழி (ஒன்று நிறைந்ததும் மற்றதற்கு மாற்றும் முறை) என்றால் இரண்டுக்கும் நடுவே 1 மீட்டர் வேண்டும். குடிநீர் ஊற்றுக்கு மேல்பக்கம் குழியே கூடாது. மற்ற பக்கங்களிலும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும். வெட்டிய சரிவின் விளிம்பும் வேண்டாம், ஊறும் நீர் மண்ணைத் தளர்த்தும். 2009 நவம்பர் மண்சரிவுகளைக் கண்ட மாவட்டத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. எஸ்டேட் லைன் வீடுகளை, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை, பட்டியலில் சேர்க்காதீர்கள். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டக் காலம் முதலே அங்கே கழிப்பறை அமைத்துத் தருவது நிர்வாகத்தின் கடமை. ஊர்ப்பணத்தில் அதைச் செய்தால் நிர்வாகத்திடம் கேட்கும் வலுதான் குறையும்.

இனி பணம். தூய்மை பாரத இயக்கத்தில் தகுதியுள்ள வீட்டுக்கு 12,000 ரூபாய் உண்டு. ஆனால் கட்டி முடித்து, கழிப்பறையின் படம் அரசுப் பதிவில் ஏறிய பிறகுதான் கணக்கில் விழும். அதுவரை கைக்காசு வேண்டும். சுழல்நிதி, அதாவது ஒரு வீட்டிலிருந்து திரும்பி வரும் பணத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் ஊர்நிதி, அதற்குத்தான்.

ஒரு வீட்டுக்குச் சுமைக்கூலியோடு 30,000 என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பணம் 12,000 வந்ததும் வீட்டுக்காரர் நிதிக்குத் திருப்ப வேண்டும். மீதி 18,000-இல் பாதி அவர் தவணையாகக் கட்டுவது, பாதி ஊர் தாங்குவது. இப்படியானால் பத்து வீட்டுக்கு மூன்று லட்சம் தேவையில்லை, 1,20,000 போதும்: முதலில் நான்கு வீடு, பிறகு வீட்டுக்கு 21,000 எனத் திரும்பி வரும் பணத்தில் அடுத்து இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று. தவணை தவறினால் இந்தச் சக்கரம் நின்றுவிடும். ஆகவே பச்சைத் தேயிலைப் பணம் வரும் நாளையே தவணை நாளாக்குங்கள். நிபந்தனையை மகளிர் குழுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது, சொந்தக்காரர்களுக்குள் இன்னும் போதாது.

வசூலை அக்டோபர், நவம்பரில் முடிப்பது நல்லது. பனி விழுந்தால் கொழுந்து குறையும், கையில் பணமும் சுருங்கும். ஜனவரி முதல் மே வரை கட்டிவிடலாம். ஜூனில் குழி வெட்டினால் தண்ணீர் இறைப்பதே வேலையாகிவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளை இந்தியக் குடியுரிமையோடு இருந்தால் வங்கி வழியாக அனுப்பலாம். குடியுரிமை மாறியவரிடம், வெளிநாட்டு நன்கொடை வாங்க மத்திய அரசிடம் செய்யும் பதிவு (FCRA) இல்லாத சங்கம் வாங்கக் கூடாது.

கூட்டுக் கணக்கில் மூவர் பெயர், எடுக்க இருவர் கையெழுத்து, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. மாத வரவு செலவைக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். கொடுத்தவர் பெயர் இருக்கலாம். உதவி பெற்ற வீட்டின் பெயர் வேண்டாம், பெயர் வெளியே வரும் என்றால் தேவையுள்ளவர்களே ஒதுங்கிவிடுவார்கள். கடைசியாக, பழுது பார்க்க வீட்டுக்கு 500 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். ஆடிக் காற்று முதலில் தகரக் கூரையைத்தான் தூக்கும்.