துணியைக் கடைசியில் வாங்குங்கள்: ஹாரிஸ் தீவில் ஒரு நாள்

ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவில், டார்பர்ட் துறையில் கப்பலை விட்டு இறங்கியதுமே ட்வீட் என்ற கம்பளித் துணி விற்கும் கடை கண்ணில் பட்டுவிடும். பச்சை, பழுப்பு, சாம்பல் நீலம் என்று அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். உள்ளே போய்த் தொட்டுப் பாருங்கள். ஆனால் வாங்காதீர்கள். மாலையில் இதே கடைக்குத் திரும்பி வாருங்கள். இடையில் கிடைக்கும் ஏழு மணி நேரத்தில் கிழக்குக் கரையின் பாறையையும் மேற்குக் கரையின் மணலையும் பார்த்துவிட்டு வந்தால், அந்த அடுக்கில் எது உங்களுடையது என்று தானாகத் தெரிந்துவிடும். மூன்று முறை போய் நான் கற்றுக்கொண்ட வரிசை இது.

ஹாரிஸ் உண்மையில் தனித்தீவு இல்லை. வடக்கே லூயிஸ், தெற்கே ஹாரிஸ், இரண்டும் ஒரே நிலம். நடுவில் கடலுக்குப் பதிலாக மலைகள் நிற்கின்றன. அவற்றில் உயரமான கிளிஷம் 799 மீட்டர். வந்து சேர இரண்டு வழிகள். ஸ்கை தீவின் ஊயிக் துறையிலிருந்து நேராக டார்பர்ட்டுக்குக் கப்பல் உண்டு. உல்லாபூலிலிருந்து லூயிஸின் ஸ்டோர்னோவேக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தெற்கே காரில் வரலாம். கோடையில் காருக்கான இடத்தை நன்றாக முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். எந்த வழியில் வந்தாலும் முதல் நாள் இரவே டார்பர்ட் பக்கம் தங்கிவிடுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள். ஓய்வுநாளை இன்னமும் பக்தியோடு அனுசரிக்கும் ஊர் இது. பெரும்பாலான கடைகளும் தறிக் கொட்டகைகளும் அன்று மூடியிருக்கும். ஸ்டோர்னோவேக்கு ஞாயிறு கப்பல் ஓடத் தொடங்கியதே 2009ல்தான். அதற்கும் ஊரில் எதிர்ப்பு இருந்தது. அவர்களுடைய அமைதி நாளில் கதவைத் தட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சுற்று மொத்தம் 70, 80 கிலோமீட்டர்தான். அதற்கு ஒரு முழுநாளா என்று நினைக்க வேண்டாம். கிழக்குக் கரையில் பாதை ஒரு கார் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென்று ஆங்காங்கே சற்று அகலப்படுத்திய இடங்கள் இருக்கும். நம் ஊரைப் போலவே இங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஒதுங்கும் இடம் உங்கள் இடப்பக்கம் வந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் பாதையிலேயே அதற்கு நேராக நில்லுங்கள், எதிரே வருபவர் ஒதுங்கிச் செல்வார். பின்னால் வேகமாக ஒருவர் வந்தால் அவருக்கும் வழிவிடுங்கள். அவர் வேலைக்குப் போகிறவர். கடந்து போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையைச் சற்று உயர்த்தி நன்றி சொல்வது இங்கே வழக்கம்.

முதல் பயணத்தில் நான் அப்படி ஒதுங்கும் இடமொன்றில் காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் பாறைமேல் ஏறிவிட்டேன். இறங்கி வந்தபோது ஒரு வேனும் எதிரே ஒரு டிராக்டரும் ஒன்றையொன்று கடக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தன. இருவரும் ஹாரன் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. அந்த மௌனம் எனக்கு இன்றும் உறைக்கிறது. நிறுத்துவதற்கென்று தனி இடங்கள் உண்டு, அங்கே மட்டும் நிறுத்துங்கள்.

காலையில் கிழக்கு, பிற்பகலில் மேற்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் கல்லின் நிறம் தெரியும். டார்பர்ட்டிலிருந்து ஏ859 சாலையில் தெற்கே சில கிலோமீட்டர் போனால் இடப்பக்கம் டிரினிஷேடருக்குப் பிரியும் பாதை வரும். இதற்குத் தங்கச் சாலை என்று பெயர். பாறையைக் குடைந்து, குடாவைச் சுற்றிச் சுற்றிப் போட்டதில் ஆன செலவை வைத்து வந்த பெயர் என்கிறார்கள். இருபுறமும் சாம்பல் நிறத்தில் வழவழவென்று பாறை, பாறை இடுக்கில் குட்டை, குட்டையில் அல்லி, திரும்பினால் கடலின் ஒரு விரல். இந்தக் கல்லுக்கு லூயிசியன் நைஸ் என்று பெயர். ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வரை பழமையானது. இறங்கி அருகில் போய்ப் பாருங்கள். தொலைவில் சாம்பலாகத் தெரிந்த கல்லில் வெள்ளை வரி, இளஞ்சிவப்பு வரி, கருப்பு வரி ஓடும். மேலே வட்டவட்டமாகக் கல்பாசி படர்ந்திருக்கும். நாம் மசாலாவில் போடுகிறோமே, அந்தக் கல்பாசியின் குடும்பம்தான். குரோட்டல் என்று இங்கே சொல்லும் அந்தப் பாசியைச் சுரண்டிக் கம்பளியோடு சேர்த்துக் காய்ச்சித்தான் அந்நாளில் செம்பழுப்புச் சாயம் ஏற்றினார்கள். நீங்களும் சுரண்ட வேண்டாம், மிக மெதுவாக வளர்வது அது.

கடலோரச் சரிவுகளில் வரப்பு வரப்பாகப் புல் மேடுகள் தெரியும். மண்ணே இல்லாத இடத்தில் கடற்பாசியையும் சதுப்பு மண்ணையும் முதுகில் சுமந்து வந்து குவித்து உருளைக்கிழங்கு போட்ட பாத்திகள் அவை. 19ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரையின் நல்ல நிலத்தை ஆட்டுப் பண்ணைகளுக்காகப் பிடுங்கிக்கொண்டு, மக்களை இந்தப் பாறைக்குத் துரத்தினார்கள் நிலக்கிழார்கள். இறந்தவரைப் புதைக்கக்கூட ஆழம் போதாத மண். சவப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையைக் கடந்து மேற்கே போயிருக்கிறார்கள். அந்தப் பாதை இன்றும் நடைவழியாக இருக்கிறது.

இந்தச் சாலையோரம் தறிக் கொட்டகைகள் சிலவற்றில் திறந்திருக்கிறது என்று பலகை வைத்திருப்பார்கள். பலகை இருந்தால் மட்டும் போங்கள். நான் தறி வீட்டில் வளர்ந்தவள். அப்பாவின் குழித்தறியில் கால் மிதியை அழுத்தும், கை கயிற்றை இழுக்கும், குறுக்கு நூலைச் சுமந்து நாடா ஓடும். இங்கே பழைய ஹாட்டர்ஸ்லி தறியில் கைக்கு வேலையே இல்லை. இரண்டு கால்களும் மாறி மாறி மிதிக்க, நீளவாக்கு நூலான பாவு பிரிவதும் நாடா பாய்வதும் குறுக்கு நூலான ஊடை அடிபடுவதும் அந்த மிதியிலிருந்தே நடக்கின்றன. புதிய அகலத் தறியில் சைக்கிள் மிதிப்பது போல மிதிக்கிறார்கள். மோட்டார் கிடையாது. மனித பலத்தில் ஓடுவதால்தான் கைத்தறி என்ற பெயர் நிற்கிறது.

நான் போன கொட்டகையில் நெசவாளர் ஒரு பச்சை நூலை என் கையில் கொடுத்து முறுக்கைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். உள்ளே பச்சை கொஞ்சம்தான் இருந்தது. மஞ்சள், நீலம், பழுப்பு, நினைத்தே பார்க்காத ஓர் ஆரஞ்சு. இங்கே கம்பளிக்கு நூற்பதற்கு முன்பே சாயம் ஏற்றிவிடுகிறார்கள். பல நிறக் கம்பளியைக் கலந்து சீவி, பிறகு நூற்கிறார்கள். வெளியே வந்து பார்த்தேன். எதிரே இருந்த குன்றும் அப்படித்தான் பச்சையாக இருந்தது. நெசவாளரிடம் கேளுங்கள்: பாவு ஆலையிலிருந்து வந்ததா, சொந்த வடிவமா? ஆலைகள் பாவையும் நூலையும் வீட்டுக்கே அனுப்பி, நெய்ததைத் திரும்ப எடுத்துப்போவதும் உண்டு. சொந்தமாக வடிவமைத்து நெய்து விற்பவர்களும் உண்டு. தறி ஓடும்போது குறுக்கே பேசாதீர்கள், இழை அறுந்தால் அவர்களுக்குத்தான் வேலை.

சாலை ரோடலில் முடியும். புனித கிளமெண்ட் தேவாலயத்துக்குள் அலஸ்டர் குரோட்டக் மக்லௌட் என்ற குலத் தலைவரின் கல்லறை இருக்கிறது. 1528 என்று ஆண்டு பொறித்திருக்கிறார்கள். கவச வீரன் படுத்திருக்கும் சிலைக்கு மேலே பாய்மரம் விரித்த கப்பல் ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். டார்ச் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் ஒளி விழும்படி பிடித்துப் பாருங்கள். பாய்மரக் கயிறுகள் எழுந்து வரும்.

அடுத்த ஊர் லெவர்பர்க். 1919ல் ஹாரிஸை விலைக்கு வாங்கிய சோப்பு முதலாளி லெவர்ஹ்யூம் பிரபுவின் பெயர் அது. சாப்பாட்டையும் பெட்ரோலையும் டார்பர்ட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தால் இங்கே நிற்க வேண்டியதில்லை.

பிறகு வடக்கே திரும்பியதும் நிலமே மாறிவிடுகிறது. ஸ்காரிஸ்டா, செய்ல்போஸ்ட், லஸ்கன்டைர் என்று வெண்மணல் கரைகள். கிளிஞ்சல் பொடியாலான மணல் அது. காற்று அதை உள்நாட்டுப் புல்வெளிமேல் தூவித் தூவி மண்ணை வளமாக்கியிருக்கிறது. மாகர் என்று இந்த நிலத்துக்குப் பெயர். ஜூன், ஜூலையில் போனால் பூக்களாக இருக்கும். பாறைக்குத் துரத்தப்பட்டவர்கள் விட்டுப்போனது இந்த மண்ணைத்தான். காலையில் அந்தப் பாத்திகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தப் பசுமை நெஞ்சை அழுத்தும். மேற்கை முதலில் பார்த்தால் வெறும் அழகாகப் போய்விடும் என்பதுதான் என் கவலை.

லஸ்கன்டைருக்குப் போகும் நேரத்தை அலை அட்டவணை பார்த்து முடிவுசெய்யுங்கள். நீர் வற்றும்போது மணல் வெகுதூரம் விரிந்து, நடுவே ஆழமற்ற வாய்க்கால்கள் பச்சையாக ஓடும். எதிரே ஆளில்லாத டாரன்ஸே தீவு. காற்று கடுமையாக இருக்கும், கோடையிலும் காற்றுப்புகாத மேலாடை வேண்டும். காற்று நின்றுவிட்டால் மிட்ஜ் என்ற பொடிக்கொசு வந்துவிடும், அதற்கு முகவலை.

நாலரை மணிக்குள் டார்பர்ட்டுக்குத் திரும்பிவிடுங்கள், கடை சாத்திவிடப் போகிறது. இப்போது வாங்கலாம். துணியின் பின்பக்கத்தைத் திருப்பி, சிலுவை ஏறிய உருண்டை முத்திரையைத் தேடுங்கள். 1910ல் பதிவான அடையாளம் அது. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, லூயிஸும் ஹாரிஸும் அடங்கிய இந்த வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளிலேயே சாயமேற்றி நூற்ற புதுக் கம்பளியை, தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்து, இங்கேயே முடித்தெடுத்தால்தான் ஹாரிஸ் ட்வீட். பை, தொப்பி போன்றவற்றில் அதே முத்திரையோடு சீட்டு தைத்திருக்கும். துணியாக வாங்கினால் அகலத்தைக் கேளுங்கள். பழைய தறித் துணி 75 சென்டிமீட்டர், புதிய தறித் துணி 150. இது தெரியாமல் வாங்கினால் தையற்காரர் கையைப் பிசைவார். பேரம் பேசாதீர்கள். அந்தக் கால்கள் மிதித்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

விளக்கொளியில் முடிவுசெய்யாமல் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். நான் காலையில் கைவைத்திருந்தது சாம்பல் நீலம். மாலையில் எடுத்தது ஒரு செம்பழுப்பு, ஓரங்களில் கல்பாசியின் மஞ்சளோடு.

கோடையில் இரவு பத்துக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும் என்பதால் உடம்பில் தெம்பிருந்தால் ஸ்கால்பே தீவுக்குப் போங்கள். 1997ல் பாலம் கட்டிவிட்டார்கள், காரிலேயே போகலாம். சாலை முடியும் இடத்திலிருந்து சதுப்பில் நடந்தால் ஐலன் கிளாஸ் கலங்கரை விளக்கம். அங்கே முதல் விளக்கு எரிந்தது 1789ல். நீர்புகாத காலணி கட்டாயம்.