வில்லுப்பாட்டு பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சித்திரையில் குமரி மாவட்டம் ராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு அம்மன் கோவில் கொடைக்கு, அதாவது கோவில் திருவிழாவுக்கு, வில்லுக் கேட்கப் போயிருந்தேன். பாடின பையனுக்கு 22 வயது இருக்கும், நல்ல குரல். தொடக்கத்தில் பாடுகிற காப்புப் பாட்டையே உச்சத்தில் எடுத்தான். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். தாளம் தப்புவது, வரி மறப்பது எல்லாம் பாட்டுச் சொல்லித்தருகிற அண்ணாவியே திருத்திவிடுவார், அதை விடுங்கள்.

சுருதியை ஏற்றிப் பிடிப்பது

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் பாடினாரே, அது மேடை வழி. கொடை வில்லு ராத்திரி முழுக்க ஓடும். காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் எல்லாம் முடிந்துதான் கதைக்குள் போகிறோம். கதை முறுகுகிற இடத்தில்தான் சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வரும். அது பெரும்பாலும் நடுச்சாமம் தாண்டி. குரல் அங்கேதான் வேண்டும்.

எனக்கு 24 வயதில் ஒரு சுடலைமாடன் கொடை. 2 கட்டை சுருதியில் சுகமாகப் பாடுகிற தொண்டை என்னுடையது, மைக்கைப் பார்த்த உற்சாகத்தில் ஆர்மோனியக்காரரிடம் 3 கட்டை வைக்கச் சொன்னேன். இடப்பக்கம் இருந்து பின்பாட்டுப் பாடிய பெரியவர் காதோடு, "மக்கா, எறக்கிக்கோ, விடியணும்லா" என்றார். கேட்கவில்லை. மணி 2 இருக்கும், சுடலை சுடுகாட்டில் பிணம் தின்கிற கட்டம், கோமரத்தாடிக்குத் தோள் நடுங்க ஆரம்பித்துவிட்டது, வரியை எடுக்கிறேன், வெறும் காற்றுதான் வருகிறது. உடுக்கு நின்றது. கோமரத்தாடி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பெரியவர் வரியை வாங்கித் தன் சுருதியில் பாடிக் கொடையைக் காப்பாற்றினார். தொண்டை தேற 3 வாரம் ஆனது, அந்த ஊர் எங்களை மறுபடி கூப்பிடவே இல்லை.

வில்லுக்குப் பின்னால் உட்கார்ந்தால் உடுக்கும் தாளத்துக்குத் தட்டுகிற குடமும் காதை அடைக்கும், ஸ்பீக்கர் கூட்டத்தைப் பார்த்து இருக்கும், நம் குரல் நமக்கே கேட்காது. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடி மாதக் கொடையென்றால் காற்று வேறு அள்ளிக்கொண்டு போகும். அதனால் கத்துகிறோம். சுகமான சுருதிக்கு அரைக் கட்டை கீழேயே தொடங்குங்கள். விறுவிறுப்பு வேண்டுமென்றால் தாளத்தின் வேகத்தைக் கூட்டுங்கள்; வீசுகோல் நாணில் விழுகிற வேகத்தில் மணிகள் குலுங்கி, குடமும் சேர்ந்து இரட்டித்தால் போதும், ஆட்கள் தானாக எழும்புவார்கள். வசனத்தைப் பேச்சுக் குரலில் சொல்லுங்கள். இடப்பக்கத்தார் வரியைத் திருப்பும்போது கூடவே பாடாமல் மூச்சு வாங்குங்கள், அவர் அதற்குத்தான் இருக்கிறார். இத்தனையும் சொன்னால் "சப்புன்னு இருக்கும் அண்ணே" என்கிறார்கள், எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்தப் பையன் 1 மணிக்கே செருமிக்கொண்டிருந்தான். சற்று நிறுத்தியபோது சுக்குக்காப்பி வாங்கிக் கொடுத்து ஒரு கட்டை இறக்கச் சொன்னேன். இறக்கினான், விடியும்வரை குரல் நின்றது.

உடுக்கை அமுக்கியே பிடிப்பது

இடுப்புக் கயிற்றை அமுக்கினால் ஒலி ஏறும், விட்டால் இறங்கும். விடவும் பழகுங்கள்.

குடத்தின் அழகைப் பார்த்து வாங்குவது

தட்டிக் கேட்டு வாங்குங்கள். மயிரிழைக் கீறல் கண்ணுக்குத் தப்பும், ஒலியில் தப்பாது.

எல்லாவற்றுக்கும் சினிமா மெட்டு

சிரிப்புக் கட்டத்துக்கு ஒன்றிரண்டு சரி. இசக்கியம்மன் கதையில் சாவு வருகிற இடத்தில் குத்துப்பாட்டு மெட்டைப் போட்டால், முன்வரிசையில் பாயை விரித்துக் கண்ணீரோடு உட்கார்ந்திருக்கிற ஆச்சிமார் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆச்சிமாருக்குத்தான் கதை வரிக்கு வரி தெரியும், நீங்கள் எங்கே தாவினீர்கள் என்பதும் தெரியும்.

மைக்

குடத்துக்குத் தனியாக ஒன்று கேட்டு வாங்குங்கள்.